உப்பிட்ட ஜெல்லி மீனை வீட்டில் சமைப்பது எப்படி: சீனக் குளிர் சாலடுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன நண்பர் வீட்டுத் திருமண விருந்துக்குப் போகிற தமிழர்கள் பலர் ஜெல்லி மீனைத் தெரியாமலேயே சாப்பிட்டிருப்பார்கள். விருந்தின் முதல் தட்டாக வரும் குளிர்ந்த பதார்த்தங்களுக்கு நடுவே, வெளிர் மஞ்சள் நிறத்தில், எள் தூவி, பளபளவென்று நாடா நாடாகக் கிடக்கும். ஏதோ நூடுல்ஸ் என்று எடுத்து வாயில் போட்டால் ‘கறுக்’கென்று கடிபடும். சீனப் புத்தாண்டில் எல்லோரும் கூடி நின்று தூக்கிக் கலக்கும் யீ சாங் தட்டிலும் பல இடங்களில் இது உண்டு.

அந்தச் சாலடை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெல்லி மீனுக்குச் சொந்தமாகச் சுவை என்று பெரிதாக எதுவும் கிடையாது. சுவையெல்லாம் நாம் சேர்க்கும் வினிகரும் பூண்டும் எள் எண்ணெயும் தருவதுதான். அது தருவது கடிபடும் பதம். குருத்தெலும்பைக் கடிப்பதற்கும் வெள்ளரிப் பிஞ்சைக் கடிப்பதற்கும் நடுவில் ஒரு பதம் அது. அந்தப் பதம் சரியாக வருவதும் ரப்பராகிப் போவதும் முழுக்கத் தண்ணீரைப் பொறுத்தது: குளிர்ந்த நீரில் எத்தனை மணி நேரம் ஊறுகிறது, வெந்நீரில் எத்தனை விநாடி கிடக்கிறது. ஆகவே இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

எந்த ஜெல்லி மீன், எந்தப் பகுதி

கடலில் உள்ள எல்லா ஜெல்லி மீனும் சாப்பிடக் கூடியதில்லை. உணவுக்குப் பிடிப்பவை பெரும்பாலும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. குடையின் ஓரத்தில் நீண்ட கொட்டும் இழைகள் இல்லாமல், குடைக்கு அடியில் தடித்த கைகள் கொத்தாகத் தொங்கும் வகை. உடல் கெட்டியாக இருப்பதால்தான் உப்பிட்ட பிறகும் உருக்குலையாமல் நிற்கிறது. சீனர்கள் மிக உயர்வாக மதிப்பது ரோபிலெமா எஸ்குலென்டம் என்ற இனம். அதன் தேவை இயற்கையில் கிடைப்பதை விட அதிகம் என்பதால், சீனாவின் வடகிழக்கில் லியாவ்டோங் வளைகுடாவில் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். குளங்களிலும் வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கரையில் பிடிபடும், பீரங்கிக் குண்டு போன்ற உருண்டை வடிவ இனமும் உப்பிடப்பட்டு ஆசியச் சந்தைக்குத்தான் போகிறது.

கடையில் இரண்டு பகுதிகள் தனித்தனியாக விற்கும். குடைப்பகுதியைச் சீனத்தில் ‘ஹைஜ பீ’ என்பார்கள், ஜெல்லி மீன் தோல் என்று பொருள். மெல்லியது, நாடாவாக நறுக்க ஏற்றது. அடியில் தொங்கும் கைப்பகுதி ‘ஹைஜ டோ’, அதாவது தலை. மடிப்பு மடிப்பாகத் தடித்து இருக்கும். கடிக்க இன்னும் உறுதியானது, பெரும்பாலும் விலையும் கூடுதல். முதல் முறை செய்பவர்கள் தோலில் தொடங்குங்கள். தலையின் மடிப்புகளில் மணல் ஒளிந்திருக்கும், கழுவுவதே ஒரு வேலை.

கடலிலிருந்து கடைக்கு வரும் வழி

இதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் நாம் செய்யும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகப் புரியும்.

உயிருள்ள ஜெல்லி மீனின் எடையில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். பிடித்துச் சில மணி நேரத்தில் கரைந்து கெடத் தொடங்கிவிடும். அதனால் கரைக்கு வந்த கையோடு குடையையும் கைகளையும் வெட்டிப் பிரித்து, வழுவழுப்பைச் சுரண்டி, கடல்நீரில் கழுவி, உப்பும் படிகாரமும் கலந்த கலவையில் போடுகிறார்கள். மரபான முறையில் 8 முதல் 10 கிலோ ஜெல்லி மீனுக்கு ஏறக்குறைய 1 கிலோ கலவை. அதில் பத்தில் ஒரு பங்கு படிகாரம். மூன்று, நான்கு நாள் கழித்து வேறு தொட்டிக்கு மாற்றி, படிகாரத்தைக் குறைத்து மறுபடி உப்பிடுவார்கள். இப்படிப் பல முறை மாற்றி, கடைசியில் அடுக்கி வைத்து, தன் பாரத்திலேயே நீர் வடியும்படி புரட்டிப் புரட்டி விடுவார்கள். முழு வேலைக்கும் 20 முதல் 40 நாள் ஆகும். முடிவில் கையில் மிஞ்சுவது பச்சை எடையில் 7 முதல் 10 சதவீதம்தான். அதிலும் 16 முதல் 25 சதவீதம் உப்பு.

படிகாரம் ஏன்? அது புளிப்புத் தன்மையைக் கூட்டிக் கிருமிகளை அடக்குகிறது, கூடவே புரதத்தை இறுக்கிக் கெட்டியாக்குகிறது. உப்பு மட்டும் போட்டால் இந்தக் கடிபதம் வராது. நாம் ரசிக்கும் ‘கறுக்’ சத்தத்தில் பாதி படிகாரத்தின் வேலை. அதற்கு ஒரு விலையும் உண்டு, கீழே சொல்கிறேன்.

சீனாவில் இந்தப் பழக்கம் மிகப் பழையது. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாங் ஹுவா என்ற அறிஞர், கிழக்குக் கடலில் உறைந்த ரத்தம் போல ஒன்று மிதப்பதாகவும், அதற்குத் தலையும் கண்ணும் குடலும் இல்லை என்றும், தெற்கே யுவே மக்கள் அதை வேகவைத்துத் தின்பதாகவும் குறித்து வைத்திருக்கிறார். 1700 ஆண்டுகளுக்கு மேல் ஒரு சமூகம் விடாமல் சாப்பிட்டு வரும் பண்டம் இது. ‘எதைத்தான் சாப்பிட மாட்டார்கள்’ என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அழுகத் துடிக்கும் ஒரு நீர்ப் பொதியை ஓராண்டு தாங்கும் உணவாக மாற்றுவது எத்தனை நுட்பமான கைவேலை!

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டு மீனவர்கள் சொறி என்று சொல்லி வலையிலிருந்து உதறிப் போடுவதில், கிராம்பியோனெல்லா என்ற இனம் உணவுக்கு உகந்தது. தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளில் பிடித்து உப்பிட்டு, கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் உறிஞ்சும் வாயிலில் கூட்டமாக வந்து அடைத்துத் தொல்லை கொடுப்பதும் இதே இனம். பிடிப்பவர்கள் நம் ஊரில், சாப்பிடுபவர்கள் வேறு ஊரில்.

அதற்காகக் கரையில் ஒதுங்கிக் கிடப்பதை எடுத்து வந்து சமைக்க வேண்டாம். செத்த ஜெல்லி மீனின் கொட்டும் செல்கள் அதன் பிறகும் கொட்டும். எந்த இனம் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்வதும் கடினம். பதப்படுத்தி விற்பதை மட்டும் வாங்குங்கள்.

வாங்குவது

சிங்கப்பூர், மலேசியாவில் ஈரச்சந்தையின் உலர்பொருள் கடைகளிலும் பேரங்காடிகளின் குளிர்பெட்டியிலும் கிடைக்கும். மேலை நாடுகளில் சீன மளிகைக் கடைகளைத் தேடிப் போகலாம். மூன்று வடிவங்களில் வரும்: முழுத் தோலாக மடித்து உப்புக்குள் வைத்தது, ஏற்கெனவே நாடாவாக நறுக்கி உப்பிட்டது, உப்பு நீக்கி உடனே சாப்பிடும்படி சாஸ் பொட்டலத்தோடு வருவது. மூன்றாவது வகைக்கு இந்த வழிகாட்டி தேவையே இல்லை. அலசிப் பிழிந்து கலந்தால் போதும். பிடிக்குமா என்று ஆழம் பார்க்க அது நல்ல வழி. ஆனால் பதம் கொஞ்சம் தொய்வாக இருக்கும்.

முழுத் தோல் வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். அகலமான தோலுக்கு மதிப்பு அதிகம், விலையும் அதிகம். நிறம் பால் வெள்ளையிலிருந்து இளமஞ்சள் வரை இருக்கலாம். வைக்க வைக்க மஞ்சள் ஏறும், அதில் தவறில்லை. பழுப்புக்குப் போய்விட்டால் எடுக்காதீர்கள். ஓரத்தை விரலால் இழுத்தால் மீண்டு வர வேண்டும், பிய்ந்து வரக்கூடாது. கடல் வாடை லேசாக இருக்கலாம், அழுகல் நாற்றம் இருக்கக்கூடாது. கடைக்கார அங்கிளிடம் ‘தோலா, தலையா, சாலடுக்கு எது நல்லது’ என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஆசையாகவே எடுத்துக் காட்டுவார்கள்.

முகவரி இல்லாத பொட்டலத்தில் வழக்கத்துக்கு மாறாக மலிவாக விற்பதைத் தவிர்ப்பது நல்லது. 2016ல் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ரசாயனங்களைக் கலந்து போலி ஜெல்லி மீன் தயாரித்தவர்களைப் போலீசார் பிடித்தார்கள். உண்மையான தோலில் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், மெல்லிய கோடுகளும் தெரியும். ஒவ்வொரு நாடாவும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நான்கு பேருக்கு முதல் தட்டாகப் பரிமாற 250 கிராம் உப்பிட்ட தோல் போதும்.

முதல் நாள் இரவு: ஊறவைத்தல்

தோலை விரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் இரண்டு பக்கமும் தேய்த்து உப்பைக் கழுவுங்கள். செந்நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ மெல்லிய சவ்வு ஒட்டியிருந்தால் நகத்தால் உரித்துவிடலாம். அப்புறம் பெரிய பாத்திரத்தில் தோல் முழுக்க மூழ்கிக் கூடுதலாக ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி வையுங்கள். சின்னப் பாத்திரத்தில் நெருக்கி வைத்தால் உப்பு வெளியே வர இடமிருக்காது.

முதல் இரண்டு மணி நேரத்தில் அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். உப்பும் படிகாரமும் பெருமளவு வெளியேறுவது அப்போதுதான். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்துவிடலாம். நம் ஊர் வெக்கையில் இரவெல்லாம் வெளியே வைக்க வேண்டாம். உப்பு இறங்க இறங்க அது சாதாரண கடலுணவாகிவிடுகிறது, கெடவும் செய்யும்.

காலையில் ஒரு சிறு துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு மெலிதாகத் தெரிந்தால் சரி, அந்த அளவு இருக்கலாம். கரிப்பாக இருந்தாலோ, நாக்கு லேசாக இழுத்துப் பிடிப்பது போல் துவர்ப்பு இருந்தாலோ இன்னும் உப்போ படிகாரமோ மிச்சம் இருக்கிறது. தண்ணீரை மாற்றி மேலும் இரண்டு மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு இந்த இடத்தைத் தாண்டாதீர்கள். இங்கே விட்டதைச் சாஸ் ஊற்றி மறைக்க முடியாது.

நறுக்குதல்

தோலைச் சுருட்டி, அரை செ.மீ. அகலத்தில் குறுக்கே வெட்டினால் நீள நாடாக்கள் கிடைக்கும். வெந்நீரில் சுருங்கும் என்பதால் அதை விட மெல்லியதாக வேண்டாம். நறுக்கியதே வாங்கியிருந்தால் இந்த வேலை இல்லை.

வெந்நீர்: சில விநாடி வேலை

பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். ஜெல்லி மீனின் புரதத்தில் பெரும்பகுதி கொலாஜன். சூடு பட்டதும் அது சுருங்கி நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கொதிக்கும் நீரில் போட்டால் கண் முன்னே பாதியாகச் சுருண்டு, ரப்பர் வளையமாகிவிடும். முற்றிலும் சூடு காட்டாமல் விட்டால் கடல் வாடை தங்கும், பதமும் வழுவழுவென்றே நிற்கும். நமக்கு வேண்டியது 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூடு.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு எளிய கணக்கு: 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அதில் 400 மி.லி. சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் ஏறக்குறைய 80 டிகிரிக்கு வந்துவிடும்.

இதைத் தொடங்கும் முன்பே பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறைய, கொதித்து ஆறிய நீரில் பனிக்கட்டி போட்டுத் தயாராக வையுங்கள். நாடாக்களை நீர் வடித்து, கம்பி வடிகட்டியில் வைத்து, வெந்நீரில் அப்படியே அமிழ்த்துங்கள். 10 விநாடியில் ஓரங்கள் சுருளத் தொடங்கும். 15 விநாடிக்குள் தூக்கிப் பனி நீரில் போட்டுவிடுங்கள். 250 கிராமையும் ஒரே தடவையில் போட்டால் நீரின் சூடு இறங்கிவிடும், இரண்டு பங்காகச் செய்யுங்கள். தலைப்பகுதி என்றால் தடிமனைப் பார்த்து 20 விநாடி வரை போகலாம்.

பனி நீரில் போட்ட உடனே கடித்துப் பார்த்தால் இறுகிப் போனது போல இருக்கும். பயப்பட வேண்டாம். இழந்த நீரைத் திரும்பக் குடிக்க அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அதே குளிர் நீரில், பெட்டிக்குள், குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். நாடாக்கள் கொஞ்சம் உப்பி, கடிக்கும்போது சத்தம் வரும் நிலைக்கு வந்துவிடும். பல சமையல் குறிப்புகள் இந்த இரண்டாவது ஊறலைச் சொல்லாமல் விடுகின்றன. உணவகப் பதத்துக்கும் வீட்டுப் பதத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

கலப்பது

ஒரு பெரிய வெள்ளரிக்காயைத் தோலோடு மெல்லிய கீற்றாக நறுக்கி, அரை தேக்கரண்டி உப்புப் பிசிறி, 10 நிமிடம் கழித்துப் பிழிந்து வையுங்கள். பிழியாமல் போட்டால் தட்டில் தண்ணீர் விட்டுச் சாஸ் நீர்த்துவிடும்.

சாஸுக்கு: 1 மேசைக்கரண்டி இளநிறச் சோயா சாஸ், ஒன்றரை மேசைக்கரண்டி கறுப்பு அரிசி வினிகர், 2 தேக்கரண்டி சர்க்கரை, நைத்த பூண்டு 2 பல், 1 மேசைக்கரண்டி வறுத்த எள் எண்ணெய், விருப்பம் போல மிளகாய் எண்ணெய். சர்க்கரை கரையும் வரை முதலில் வினிகரிலும் சோயா சாஸிலும் கலக்கிவிட்டு, எண்ணெயைக் கடைசியில் சேருங்கள். வினிகரில் ஜென்ஜியாங் ஊரின் பெயர் போட்டது கிடைத்தால் அதுவே சிறந்தது.

எள் எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. நம் செக்கு நல்லெண்ணெயை இதற்கு மாற்றாக ஊற்ற வேண்டாம். நல்ல எண்ணெய்தான், ஆனால் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டிய சீன எண்ணெயின் மணம் வேறு. அந்த மணம்தான் மிச்சமிருக்கும் கடல் வாடையை அடக்குகிறது. வேறு வழியில்லை என்றால், நல்லெண்ணெயோடு பொன்னிறமாக வறுத்துப் பொடித்த எள்ளைச் சேருங்கள், ஓரளவு நெருங்கிவரும்.

ஜெல்லி மீனைக் கைப்பிடியாக எடுத்துப் பிழிந்து, சுத்தமான துணியில் ஒற்றி, வெள்ளரி, கொத்தமல்லித் தழை, வறுத்த எள்ளோடு கலந்து சாஸை ஊற்றுங்கள். சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும். உப்பும் வினிகரும் பட்டால் மறுபடி நீர் விடத் தொடங்கும். அரை மணி நேரம் போனால் தட்டில் குளம் கட்டிவிடும். கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து நாராகப் பிய்த்துச் சேர்ப்பது கான்டோனியர் வழக்கம், அதுவும் நன்றாகப் பொருந்தும்.

வேறு சில செய்முறைகள்

தலைப்பகுதி கிடைத்தால் வடசீனர்கள் ‘லாவ் சூ ஜ டோ’ செய்வார்கள். ஷான்ஷி மாகாணத்துப் பழைய வினிகர் 3 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1, சர்க்கரை 1, நிறையப் பூண்டு. வினிகர் பிரதானமாக, கிட்டத்தட்ட அதில் மிதக்கும்படி பரிமாறுவார்கள். புளிப்புப் பிடித்த தமிழ் நாக்குக்கு இது மற்றதை விட நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கொரியாவின் ‘ஹேபாரி நேங்சே’ கடுகுச் சாஸில் செய்வது. 1 மேசைக்கரண்டி கடுகுத்தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, 10 நிமிடம் மூடி வைத்தால் காரம் ஏறும். கொதிநீர் விட்டால் காரம் செத்துவிடும். அதில் வினிகர், சர்க்கரை, பூண்டு, உப்பு சேர்த்து, வெள்ளரி, கேரட், வேகவைத்த இறால், மெல்லிய முட்டை அடைக் கீற்றுகளோடு கலப்பார்கள். மூக்கில் சுர்ரென்று ஏறும் அந்தக் காரம் ஒரு தனிச் சுகம்.

வியட்நாமில் கதை வேறு. நா சாங் நகரில் மீன் குழம்பு நூடுல்ஸின் மேல் ஜெல்லி மீனைப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஹனோயில் மரப்பட்டைச் சாறில் ஊறிச் சிவந்த ஜெல்லி மீனை, சுட்ட டோஃபு, தேங்காய்க் கீற்று, மூலிகை இலையோடு இறால் விழுதில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். இவற்றை அந்த ஊரில் போய்ச் சாப்பிடுவதே சரி, உப்பிட்ட தோலில் வராது.

எவ்வளவு சாப்பிடலாம், யார் கவனிக்க வேண்டும்

உப்பு நீக்கிய ஜெல்லி மீனில் கொழுப்பு மிக மிகக் குறைவு. 100 கிராமில் 40 கலோரி கூட இருக்காது. மூட்டு வலிக்கு மருந்து, தோலைப் பளபளப்பாக்கும் என்றெல்லாம் சொல்வதை நம்பி இதை வாங்க வேண்டாம். கடிக்க நன்றாக இருக்கிறது என்பதே போதுமான காரணம்.

கவனிக்க வேண்டியது படிகாரம் விட்டுச் செல்லும் அலுமினியம். ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு மையம் 2009ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பிடத் தயாரான ஜெல்லி மீனில் சராசரியாகக் கிலோவுக்கு 1200 மில்லிகிராம் அலுமினியம் இருந்தது. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு 2011ல் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு வாரம் 120 மில்லிகிராம். அதாவது 100 கிராம் ஜெல்லி மீனிலேயே ஒரு வார அளவு முடிந்துவிடலாம். எப்போதாவது விருந்தில் சாப்பிடுவதால் கவலைப்பட ஒன்றுமில்லை, வாராவாரம் செய்யும் பண்டமாக்க வேண்டாம். அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தவிர்த்துவிடுவது நல்லது. சின்னக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பிட்டு ஒவ்வாமை வந்தவர்களும் உண்டு, ஆகவே முதல் முறை நாலைந்து நாடாக்களோடு நிறுத்திப் பாருங்கள். கடலில் ஜெல்லி மீன் கொட்டி முன்பு கடுமையாக அவதிப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மிச்சத்தை வைப்பது

ஊறவைத்த ஜெல்லி மீனைச் சுத்தமான நீரில் மூழ்கவைத்துப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம், நீரை நாளுக்கு ஒரு முறை மாற்றி. சாஸ் கலந்ததை அன்றே முடித்துவிடுங்கள், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கொட்டிவிடுங்கள். சமைக்காமல் பச்சையாகப் பரிமாறும் மற்ற கடலுணவுக்கு உரிய அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும். பலகையும் கத்தியும் பச்சை மீன், இறால் வெட்டியதாக இருக்கக்கூடாது.

உப்பிட்ட தோலில் பாதியைத்தான் எடுத்தீர்கள் என்றால், மீதியை அதன் உப்போடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் கீழ்த்தட்டில் வையுங்கள். குளிர்ச்சியில் ஓராண்டுக்கு மேல் தாங்கும். உறைபெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்தால் நீர் பிரிந்து, தோல் வறண்டு சுருங்கிவிடும், எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் பழைய கடிபதம் திரும்பாது.